மச்சானுக்குச் சொன்ன இட்லித் தட்டு

ஞாயிறு இரவு, அரியலூர்.

மகள் கயல் ஏதோ புரதத்தை ஆராய்வதாக முதலில் சொன்னபோது, "முட்டை வாங்கியாரட்டுமா?" என்று கேட்டவன் நான். அந்த வெட்கத்தில், அதன்பிறகு அவள் எதைச் சொன்னாலும் "புரியுதும்மா" என்று தலையாட்டிவிடுவேன்.

இன்று பெரம்பலூரிலிருந்து என் மச்சான் வந்தார். கயல் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். "ஒண்ணும் வெளங்கல கயலு, மறுபடி சொல்லு" என்றார் கூசாமல். நான் கழுவிக்கொண்டிருந்த இட்லித் தட்டைக் கயல் பிடுங்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"இதான் மாமா புரதம். கிட்னி மாத்துனவங்க சாப்புடுற மாத்திரை இந்த ஒரு குழியில உக்காந்துக்கும். இங்க நடக்குற என்சைம் வேலை நின்னுடும். மத்த குழிக்கு வேற வேற வேலை."

"இன்னொரு வாட்டி சொல்லுடா தங்கம்."

சொன்னாள், சிரித்துச் சிரித்து. எனக்கு வயிறு எரிந்தது.

"அப்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி மாமா" என்று பெருமை வேறு.

எனக்கும் புரியலம்மா என்று வாய்வரை வந்தது.