குரலுக்கு வைத்த அளவு

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக.

இன்றைய வகுப்பு நாசம். நேற்று மெனக்கெட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் மைக் அளவுகளை ஒவ்வொன்றாக ஏற்றி வைத்திருந்தேன். கரண்ட் போய் வந்ததில் எல்லாம் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. அது தெரியாமல் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ அக்கவுண்டன்சி, தேய்மானம் பாடம். கணக்கைப் பாதி முடித்த பிறகு அஞ்சனா என்ற பெண் மெசேஜ் போட்டாள்: "மிஸ்ஸே, ஒண்ணும் கேக்கல்ல. காத்து ஊதுற மாதிரி இருக்கு."

காற்றுதான். மே மாதம் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவில்லை. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் காற்று. "திரும்பி வரலாம், கொஞ்ச மாசம் பாக்கலாம்" என்றார் டாக்டர். வராமலும் போகலாமா என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஷீபா டீச்சர் போன். இந்த ஆன்லைன் டியூஷனை நடத்துபவர், மலையாளி; இரண்டு பாஷையும் கலந்துதான் பேசுவார். நல்ல மனுஷி. அதனால்தான் இவ்வளவு சுற்றி வளைத்தார்.

"கௌரி, பேரன்ட்ஸ் போன்ல விளிச்சுட்டே இருக்காங்க. பரீட்சை எழுதுற பிள்ளைங்க அல்லே. திங்கக்கிழமை கிளாஸ் ஒண்ணு நோக்கலாம். சரியாவல்லேன்னா இந்த பேட்சை வேற ஆளுக்குக் கொடுக்கணும். சங்கடப்படாதே, கேட்டோ."

"ம்" என்றேன். அதுவும் அவர் காதில் விழுந்திருக்காது.

ராத்திரிக்கு: கஞ்சி, பயறு, பப்படம். பால் தீர்ந்தது.

ஜூலை 5, சனி

மழை விட்டுவிட்டு.

வீட்டுக்காரருக்கு லீவு. பழவங்காடி ஹோட்டலில் சமையல் வேலை. லீவு நாளில் வீட்டு அடுக்களையையும் விடமாட்டார். இன்று இழுத்து உட்கார வைத்தேன். போனையும் இயர்போனையும் கொடுத்து உள் அறைக்கு அனுப்பினேன். என் வகுப்பில் ஒரு மாணவனாகச் சேர்ந்து, கேட்பதைச் சொல்ல வேண்டும். பெயர் கேட்ட இடத்தில் "மாணிக்கம், பின் பெஞ்ச்" என்று போட்டுவிட்டு வகுப்புக்குள் வந்தார். மனுஷனுக்கு எப்போதும் விளையாட்டு.

"கேக்குதா?"

"ஃபேன் சத்தம் நல்லா கேக்குது. டீச்சரைத்தான் காணும்."

ஃபேனை நிறுத்தினேன். மைக் அளவை ஏற்றினேன்.

"ஆள் வந்தாச்சு. ஆனா குழாய்க்குள்ள இருந்து பேசுதா."

மைக் சத்தத்தைக் கூட்டும் பூஸ்டும் ஒரு படி கூட. இரைச்சலைக் குறைப்பதற்கு ஒன்று இருக்கிறது, அதைப் பாதியில். மைக்கை வாயருகே.

"நிறுத்து. அங்கயே நிறுத்து. இனி தொடாதே."

திரும்பிப் பார்த்தால், இயர்போன் காதில் இருக்க, அறை வாசலில் நிற்கிறார். "இன்னும் கொஞ்சம் பேசு" என்றார். தேய்மானக் கணக்கையே திரும்பவும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ஒரு வரியாவது புரிந்திருக்குமா தெரியாது.

சரி, கண்டுபிடித்த அளவு நிற்க வேண்டுமே. போனில் தேடியதில் ஒருவர் எழுதியிருந்தார்: ஒலி மிக்சரின் அளவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேமித்து வைக்கலாம், ஒரே வரி போதும். எங்களுடையது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையைத் திறந்து அந்த வரியை அடித்தேன். அனுமதி இல்லை என்றது. என் சொந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு அனுமதி இல்லை! பிறகுதான் தெரிந்தது, பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"சேவ் ஆச்சா?"

"தெரியல."

"கரண்ட் போனாத்தானே தெரியும்" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். உயிரே போய் வந்தது.

மறுபடி போட்டால் எல்லா அளவும் கீழே. அவர்தான் அந்தப் பக்கத்தை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தார். "சேமிக்கிறது ஒரு வரி. திரும்ப எடுக்கிறது வேற வரி. நீ பாதிதான் வாசிச்சிருக்கே." அந்த இரண்டாவது வரியை அடித்தேன். கண்ணெதிரே ஒவ்வொரு கோடாக மேலே ஏறி, விட்ட இடத்திலேயே நின்றது.

அந்த வரியை ஒரு ஐகானாக்கித் திரையில் வைத்துவிட்டேன். இனி ஒரு அமுக்கல்.

ஜூலை 7, திங்கள்

வெயில், நம்ப முடியாத வெயில்.

வகுப்பு நடுவில் கரண்ட் போனது! வந்ததும் ஐகான், பிறகு வகுப்பு. "ஸாரி, எங்கே விட்டோம்?" என்றேன்.

அஞ்சனா: "மூணாவது வருஷத் தேய்மானம், மிஸ்ஸே. இப்ப நல்லா கேக்குது. பக்கத்துல இருந்து ரகசியம் சொல்ற மாதிரி."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது, இருக்கட்டும்.

ஷீபா டீச்சரின் மெசேஜ்: "மதி, இது போதும். பேட்ச் உனக்குத்தான்."

ஜூலை 16, புதன்

தூறல். ஆஸ்பத்திரி. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்று கால் கடுத்தது.

பேச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண், பாலக்காட்டுக்காரி. தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு "ம்ம்ம்" என்று ஊத வேண்டும். குமிழி ஒரே சீராக வர வேண்டும். என்னுடையது திக்கித் திக்கி.

"சேச்சி வீட்டுல தீரே மிண்டாம, பேசாமலே இருக்கீங்களா?"

தலையாட்டினேன். சைகையே பழகிவிட்டது.

"அது பாடில்லா, கூடாது. பேசாம இருந்தா எப்படி வரும்? கத்தாம, மெதுவா, ஆனா பேசணும்."

வரும் வழியில் பஸ்ஸில் யாரோ: "அவளுக்கு என்ன, பேசியே காரியம் சாதிச்சுருவா." யாரைப் பற்றியோ. பொறாமையாக இருந்தது.

ஸ்ட்ரா ஒரு பாக்கெட். சின்ன வெங்காயம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேகம். புழுக்கம்.

வகுப்பு ஆரம்பித்த உடனே அஞ்சனா: "மிஸ்ஸே, பொட்டுது."

"என்னது?"

"சவுண்டு. காது பொட்டுது. வெடிச்சு வெடிச்சு வருது."

ஐகானை அமுக்கினேன். அப்படியேதான். மறுபடி அமுக்கினேன். மறுபடி. அளவுகளில் ஒன்றும் நகரவில்லை, சேமித்த இடத்திலேயே நிற்கின்றன. மைக் கெட்டுவிட்டது, அல்லது ஃபைல் கெட்டுவிட்டது. இந்த வகுப்பும் போச்சு. "இப்ப சரியா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று லீவிலிருந்த அவர் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

"கௌரி, மிஷினைத் திட்டாதே. நீ கேக்குறது அங்க வரைக்கும் கேக்குது."

"எங்க வரைக்கும்?"

"அடுப்பு வரைக்கும். குக்கர் விசில் அடிக்கும்போதே கேட்டுது."

புரிய நேரம் பிடித்தது. கரகரப்பான குரல், ஓரம் கிழிந்த மாதிரி. ஆனால் குரல். எப்போது வந்தது? நேற்றா? போன வாரமா? வருகிற வழியில் என்னிடம் சொல்லவில்லை.

பூஸ்டை இறக்கினேன். மைக் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுபோனேன். பிள்ளைகள் ஒவ்வொரு படிக்கும் "இன்னும், இன்னும்" என்றார்கள். பிறகு பாடம். கண் துடைத்ததைக் கேமராவில் பார்த்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

வெயில். போர்வை துவைத்துப் போட்டாயிற்று.

புதிய அளவுகளைச் சேமித்தேன், வேறு பெயரில். பழைய ஃபைலை அழிக்கவில்லை. மழைக்காலம், தொண்டை கட்டினால் வேண்டியிருக்கும். டாக்டரிடம் புதன்கிழமை போக வேண்டும். ஸ்ட்ரா பயிற்சி நிறுத்தக் கூடாது.

அடுக்களையிலிருந்து அவர் தேங்காய் எங்கே என்று கேட்டார். எழுந்து போகாமல், இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். எடுத்துக்கொண்டார்.