நீயே கொண்டுபோய்க் கொடுத்த துப்பாக்கி

என் நைனாவுக்கு,

அன்று லைசென்ஸ் விசாரணைக்கு வந்த எஸ்.ஐ., நம் திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "வூட்ல துப்பாக்கி இருந்தா உனக்கு பயமா இருக்காதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. பயம் இருக்கும் என்பது ஒன்று. திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதை எப்போது வீட்டில் வைக்கக் கூடாது என்று நைனாவுக்குத் தெரியும் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை. எதை முதலில் சொல்வது என்று தயங்கினேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அது பாட்டுக்கு மூலைல கெடக்கும் சார். இந்தாளு குறட்டைதான் பேஜாரு."

எஸ்.ஐ.கூடச் சிரித்தார்.

வங்கிக் காவலுக்கு உன்னை எடுத்ததே துப்பாக்கியோடு சேர்த்துத்தான். பட்டாளத்திலிருந்து வந்ததும் நீ வாங்கியது, லைசென்ஸும் உன் பெயரில். தேர்தல் வந்தால் எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவீர்கள். அந்தப் பழக்கத்தில்தான், தூக்கம் போய்ச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த மழைக்காலத்தில், தேர்தல் ஏதும் இல்லாமலே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாய். "என்னிய எனக்கே நம்பிக்கை இல்ல சார். கொஞ்ச நாள் வச்சிக்கினு இருங்க" என்று சொல்லிக் கொடுத்தாய். மறுநாள் மனநல மருத்துவரிடம் போனாய். நீ சொன்னதை ஸ்டேஷனில் எழுதி வைப்பார்கள், அதை வைத்தே லைசென்ஸை ரத்து செய்வார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

குணமாகிவிட்டது என்று மருத்துவர் தந்த சான்றோடு, லைசென்ஸைத் திருப்பிக் கேட்டு நீ மனு போட்ட பிறகுதான் இந்த விசாரணை.

"நீயேதான பெருசு சொன்ன, உன்னிய நம்ப முடியலன்னு?"

"அப்ப சொன்னதும் நான்தான் சார், இப்ப சொல்றதும் நான்தான். அத்த நம்புனீங்க. இத்த ஏன் நம்ப மாட்றீங்க?"

எஸ்.ஐ. ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். மனு தள்ளுபடியானது. வங்கி வேலையும் போனது. மாரடைப்பு வந்து நீ போய்ச் சேரும்வரை எண்ணூர் கண்டெய்னர் யார்டில் விசிலோடு நின்றாய்.

பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன் நைனா. சித்தம் சரியில்லாதவருக்கு ஆயுதம் கூடாது என்கிறது. சரிதான். துப்பாக்கி இல்லாத அந்த வருடங்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் நோயிலிருந்து மீண்டவரை என்ன செய்வது? அது ஓர் அதிகாரியின் தைரியத்தைப் பொறுத்தது. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் லைசென்ஸ் இருந்திருக்கும், துப்பாக்கி வீட்டிலேயே இருந்திருக்கும். அது யாருக்குப் பாதுகாப்பு?

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் தெரியுமா? உன்னோடு வங்கியில் தன் துப்பாக்கியோடு காவல் நின்ற துரை மாமாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"உங்க நைனா வாயத் தொறந்து இன்னாம்மா ஆச்சு? எனக்கு ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

உன் கதைதான் அவரைத் தடுக்கிறது. அதை நான் எப்படித் தாங்குவது, நைனா?

இனி எத்தனை தடவை ஆனாலும் அவரோடு ஆஸ்பத்திரிக்கு நான் போவேன். உனக்குத் தரும் வாக்கு இது.

விடாமல் கேட்டு, நேற்றுதான் முதல் தடவை அழைத்துப் போனேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் மாமா தன் பெயருக்குப் பதில் தம்பியின் பெயரைச் சொன்னார். மாத்திரை வாங்கிக்கொண்டார். துப்பாக்கி அவர் வீட்டில்தான் இருக்கிறது.

உன் பெரிய பொண்ணு