கடிகாரம் இல்லாத ஓட்டம்

ஏப்ரல் 14, ஞாயிறு

இந்தப் பருவத்தின் முதல் ஆட்டோகிராஸ்: கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக விட்டு நேரம் குறிக்கிற எங்கள் போட்டி. வழக்கம்போல் கண்காட்சித் திடலின் கார் நிறுத்துமிடம், வழக்கம்போல் எலும்பைத் துளைக்கும் இண்டியானா காற்று, வழக்கம்போல் நான் என் கணவன் டுவேனைவிட வேகம். எனக்கு 48.6 விநாடி. அவனுக்கு 49.3, அதோடு ஒரு ஆரஞ்சுக் கூம்பை இடித்துத் தள்ளியதற்கு அபராதம் இரண்டு விநாடி. வீடு திரும்பும் வழியில் முடிவுத் தாளை வாசித்துக் காட்டினேன். சிரித்தான். ஒரே கார், ஒரே டயர், ஒரே பெட்ரோல். சாக்குச் சொல்லவும் வழியில்லை, பாவம்.

பதினேழு வருடமாக எங்கள் ஞாயிறு இதுதான். கதவில் 17 ஒட்டினால் ஓட்டுவது நான். முன்னால் இன்னொரு 1 சேர்த்து 117 ஆக்கினால் என் கணவன். ஆளுக்கு ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நாலு சொச்சம் நிமிடத்துக்காக விடிவதற்கு முன்னால் எழுந்து, மீதி நாளெல்லாம் அடுத்தவர் தள்ளிய கூம்புகளை ஓடி ஓடி நிமிர்த்திவைக்கிறோம். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லை.

மே 4, சனி

காலையில் பான்கேக் சாப்பிடும்போது டுவேன் தொண்டையைச் செருமினான். இரண்டு வாரத்தில் ஒரு டிராக் டேக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம். வேறொருத்தி இருக்கிறாள் என்று சொல்வதாக இருந்தால்கூட இவ்வளவு திணறியிருக்க மாட்டான்.

அது என்ன பெரிய விஷயம் என்று விசாரித்தேன். நிஜப் பந்தயப் பாதையாம். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், இருபது கார் ஒன்றாக. ஆனால் பந்தயம் இல்லையாம். நேரம் குறிக்க மாட்டார்களாம். நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாமாம். அதுவும் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி “நீங்கள் போங்கள்” என்று காட்டினால்தானாம். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறார்களா, விருந்து வீட்டில் உபசாரம் செய்கிறார்களா?

கடிகாரம் இல்லாத ஊரில் எல்லோரும் முதலிடம்தான் என்றேன்.

“அதுக்குத்தான் போறேன்” என்றான். நகைச்சுவை என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரியில் எங்கள் சிவப்புக் காரின் சீட்டுகளுக்குப் பின்னால் தடித்த இரும்பு வளைவு ஒன்றைப் பொருத்தினான். கார் கவிழ்ந்தால் தலை தப்பும் என்றான். என் தலைமேல் இத்தனை அக்கறையா என்று உருகிப்போனேன். கூரை இல்லாத காரை அந்த வளைவு இல்லாமல் டிராக்கில் விடமாட்டார்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

மே 19, ஞாயிறு

திரும்பி வந்துவிட்டார் துரை. முகத்தில் அப்படியொரு தேஜஸ். உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் மேஜைமேல் ஓட்டி எனக்கு வளைவுகளை விளக்கினார்.

எத்தனை விநாடி என்று கேட்டேன். யாரும் குறிக்கவில்லை. யாரைவிட வேகம்? தெரியாது. டயர்? பாதி போய்விட்டது. பிரேக்? முழுதும் போய்விட்டது. அப்புறம் எதற்கு இந்தப் பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு?

“ஓட்டினேன்ல” என்றான்.

ஜூன் 8, சனி

தனியாக ஒரு கார் வாங்கிவிட்டான். பழையதுதான், நீல நிறம், கூரை உண்டு. சிவப்பு இனி முழுக்க எனக்காம். தாராள மனசு. நான் கேட்டேனா?

மாலையில் கராஜுக்குப் போய் கதவு எண்களின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முன்னால் சேர்க்கிற அந்த ஒற்றை 1-ஐ என்ன செய்வது? சும்மா மூடிவைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே மட்டுமாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். வாரம் முழுக்க அவன் பள்ளிக்கூடங்களைச் சூடாக்கும் பாய்லர்களோடு மல்லுக்கட்டுகிறான், நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறேன். ஞாயிறு ஒன்றுதான் எங்களுக்குப் பொதுவாக இருந்தது. அதுவும் போனால் நாங்கள் யார்? ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேர்.

ஜூன் 23, ஞாயிறு

47.9. முதலிடம். வாசித்துக் காட்ட ஆள் இல்லாததால் கிளப் தோழி டிரூடியிடம் சொன்னேன். இரண்டாமிடம் வந்தவளே அவள்தான், ரசிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கொளுத்தும் வெயிலில் நானும் டிரூடியும் கூம்பு நிமிர்த்தும் பணியில். ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு தடவை டுவேனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எங்கிட்டப் புலம்பி என்ன பிரயோஜனம்? நீயும் போ. அவங்க எடத்துலயே வச்சு அவன ஒரு கை பாத்துட்டு வா” என்றாள்.

கடிகாரம் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. யார் முன்னால், யார் பின்னால் என்று எல்லோருக்கும் தெரியத்தானே போகிறது. வீட்டுக்கு வந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். டுவேனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நான் எதற்கு வருகிறேன் என்று தெரியாமல் மகிழ்கிறான்.

ஆகஸ்ட் 3, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

டிராக்கிலும் விடியலிலேயே வரிசை. ஆனால் மடக்கு நாற்காலிகள் நம்முடையவற்றைவிட உசத்தி. புதியவர்கள் குழுவில் என்னைப் போட்டார்கள். டுவேனும் அதே குழுதான். மூன்றாவது தடவை வந்தும் இன்னும் புதியவன். உப்புக் குப்பி ஓட்டியபோது இதைச் சொல்லவில்லை.

ஒவ்வொருவருக்கும் பக்கத்து சீட்டில் ஒரு பயிற்சியாளர். எனக்கு வாய்த்தவர் ஓடெல், முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். காரில் ஏறியதும், மேலே பார்த்திருந்த உள்கண்ணாடியைக் கீழே இறக்கினார். ஆட்டோகிராஸில் பாதையில் ஒரே ஒரு கார்தான். பின்னால் எவனும் வரமாட்டான், வெயில்தான் வந்து கண்ணில் அடிக்கும். அதனால் கண்ணாடியை மேலே தள்ளிவிடுவது என் பதினேழு வருடப் பழக்கம். அவர் பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தபோது என் கை தானாகப் போய் மறுபடி தள்ளிவிட்டிருக்கிறது. சத்தியமாக எனக்கு நினைவில்லை.

நேர்ப்பாதையில் கார் பறந்தது. ஐம்பது விநாடி ஆகியும் ஓட்டம் முடியவில்லை! அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, என் கண் அங்கேயே. கடிகாரம் ஓடுகிறது என்று நானே கற்பனை செய்துகொண்டு ஓட்டினேன். கண்ணாடியைப் பாருங்கள் என்று ஹெல்மெட்டுக்குள் ஓடெலின் குரல் கேட்டது. பார்த்தேன். வானம் தெரிந்தது. நல்ல நீல வானம். பார்த்தாச்சு என்றேன்.

“பின்னாடி கூட்டம் சேருதும்மா, கைய நீட்டி விட்டுடுங்க” என்றார் அடுத்த சுற்றில். இதோ, இந்த வளைவு முடியட்டும் என்றேன். அதற்கடுத்த சுற்றிலும் அதையேதான் சொன்னேனாம். ஐந்தாவது சுற்றில் கறுப்புக் கொடி காட்டினார்கள். எனக்கு மட்டும். ஓரங்கட்டி உள்ளே வா என்று பொருள்.

என் பின்னால் ஏழு கார். அதில் முதலாவது டுவேனின் நீலக் கார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஓட்டம் முடிந்து டுவேன் வந்து இறங்கியதும், அத்தனை பேர் முன்னிலையில், “நாலு சுத்தா என்ன முந்த முடியலயா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “நீ விட்டாத்தானே முந்த முடியும். நாலு சுத்து உன் பின்னாடியே வந்தேன். நீ ஒரு தடவகூடப் பாக்கல.”

மதியம் சாண்ட்விச்சைப் பிரித்துவைத்தோம், இருவரும் தொடவில்லை. மெதுவாகத்தான் பேசினான். “ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வீட்டுக்குப் போற வழியில என் நேரத்த வாசிப்ப. பதினேழு வருஷம். எனக்குக் கார் ஓட்டப் புடிக்கும், நோரீன். தோக்கறதுக்குன்னே காலைல எந்திரிச்சுப் போகப் புடிக்கல.”

ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டேன்.

“சிரிச்சேன்ல. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?”

மதிய ஓட்டங்களுக்கு நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆமா, வாசிச்சேன். என்ன இப்போ? சந்தோஷமா வாசிச்சேன். ஜெயிச்சா சொல்லிக்கக் கூடாதா? அவன் ஜெயிச்சிருந்தா வாசிச்சிருக்க மாட்டானா?

மாட்டான். அவன் மூன்று தடவை ஜெயித்திருக்கிறான். அந்த மூன்று நாளும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கே சாப்பிடலாம் என்று கேட்டான். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பெரிய கண் பரிசோதனைக்காரி நான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று டுவேன் மன்னிப்புக் கேட்டான். நான் கேட்க வேண்டியதையும் அவனே கேட்டுவிட்டால் நான் என்னதான் செய்வது?

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆட்டோகிராஸ். 47.2, என் வாழ்நாளிலேயே வேகமானது. தனியாகத் திரும்பினேன், முடிவுத் தாள் பக்கத்து சீட்டில். அதற்கு பெல்ட் போடாததுதான் பாக்கி.

வீட்டில் டுவேன் எப்படி இருந்தது என்று கேட்டான். நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். எண்ணைச் சொல்லாமல் இருப்பது தும்மலை அடக்குவதுபோல் இருந்தது. எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

அக்டோபர் ஆறாம் தேதி கிளப்பின் கடைசிப் போட்டி. போய்க் காரை எல்லைக்கோடு தாண்ட வைத்தாலே என் பிரிவில் இந்த வருடக் கோப்பை எனக்குத்தான். அதே நாளில் பருவத்தின் கடைசி டிராக் டே. டுவேன் போகிறான். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

டிராக் டேக்குப் பெயர் கொடுத்தேன். போனில் டிரூடி, “கோப்பைய எனக்கு விட்டுக்குடுக்கிறியா, இல்ல பைத்தியம் புடிச்சிருச்சா?” என்று கேட்டாள். அவளுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

கோப்பை டிரூடிக்கு. மத்தியானமே போனில் படம் அனுப்பிவிட்டாள், ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை.

இன்றும் ஓடெல்தான். ஏறியதும் உள்கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை. கையைத் தூக்கிக் காட்டினேன், தொடமாட்டேன் என்று. முதல் ஓட்டத்தில் நாலு பேருக்கு வழிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

மூன்றாவது ஓட்டம். கண்ணாடியில் நீலக் கார் தெரிந்தது, முதலில் சின்னதாக, அடுத்த சுற்றில் பெரிதாக. நேர்ப்பாதை வந்ததும் கையை வெளியே நீட்டி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினேன். டுவேன் கடந்து போனான். போகும்போது ஒரு விரலைத் தூக்கி நன்றி காட்டினான், யாரோ ஒருவருக்குக் காட்டுவதுபோல.

பிறகு அவன் பின்னாலேயே போனேன். வருடக்கணக்காகக் கூம்புகளுக்கு நடுவில் அவனைப் பார்த்திருக்கிறேன். அங்கே அவன் தடுமாறுவான், அவசரப்படுவான். இது வேறு ஆள். அந்த நீண்ட இடப்பக்க வளைவில் ஸ்டீயரிங்கை ஒரே தடவை திருப்பி அப்படியே வைத்திருந்தான். கார் ஒரு ஆட்டம் இல்லாமல் போனது. அதே வளைவில் நான் மூன்று தடவை திருத்தினேன். அவன் காருக்கு எஞ்சின் பெரிது என்று சொல்லலாம். நேர்ப்பாதையில் சொல்லலாம். வளைவில் அது செல்லாது. ஒவ்வொரு வளைவிலும் அவன் இன்னும் கொஞ்சம் தூரமானான். முடிவுக் கொடி விழும்போது நீலம் கண்ணிலேயே இல்லை. காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். தோற்றதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. இவ்வளவு அழகாக ஓட்டுகிற ஒருவனோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அவன் குனிந்து சக்கரத்தின் நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, “நீதான் வேகம்” என்று சொன்னேன்.

நிமிரவில்லை. “காது கேக்கல, இன்னொரு தடவ சொல்லு” என்றான்.

கேட்டிருந்தது. காது வரைக்கும் சிவந்திருந்தான். நான் இன்னொரு தடவை சொன்னேன்.