மருந்தடிக்க ஏற்ற மூக்கு

என் அப்பாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். வாசனை வந்தது. அப்புறம்தான் பல் தேய்க்கப் போனேன். நீங்கள் போனதிலிருந்து தினமும் இப்படித்தான். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் செய்கிற காரியமா இது? எனக்கே அலுத்துவிட்டது, ஆனாலும் விட முடியவில்லை.

அம்மா கருவாடு வறுத்தால் தெருவுக்கே தெரியும். நீங்கள் மட்டும் "இன்னைக்கு என்ன, ரசமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவீர்கள். இந்த மனுசனுக்கு மூக்கு அழகுக்குத்தான் என்பாள் அம்மா.

அந்த மூக்குதான் உங்களுக்கு வேலை வாங்கித் தந்தது. கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்தவனுக்கு உழவும் கிடையாது, அறுப்பும் கிடையாது என்றது பண்ணை. ஆனால் பூச்சி மருந்து அடிக்க மட்டும் ஆள் நிற்கவில்லை. அந்த நாற்றத்தில் எல்லோருக்கும் குமட்டியது. கடைசியில் பண்ணையின் கணக்கு வழக்கைப் பார்க்கும் காரியக்காரர் உங்களைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் அடித்தீர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் நமக்கென்று நிலம் வந்த பிறகும் முதுகில் அதே மருந்து டப்பா.

கை நடுங்க ஆரம்பித்ததும் டீக்கடையில் காரியக்காரர் மகன் சொன்னானாம்: "அன்னைக்குப் போலீசுக்கு நடுங்காதது, இன்னைக்குச் சேத்து வச்சு நடுங்குது." சட்டைப் பொத்தானைப் போட முடியாத விரல்களோடு அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

அது பயமில்லை அப்பா, நடுக்குவாதம். நடுமூளையில் கறுத்த செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவை சுரக்கும் டோபமின் இருந்தால்தான் உடம்பு நினைத்தபடி அசையும். உங்களுக்கு அந்தச் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. ஒரு புரதம் தவறாக மடிந்து, உள்ளேயே கட்டிதட்டிப் போகிறது. ஏன் என்று கேட்டால் ஒற்றைப் பதில் இல்லை. சில பூச்சி மருந்துகளும் களைக்கொல்லிகளும் அந்தச் செல்களுக்குள் சக்தி தரும் நுண்ணுறுப்பையே கெடுக்கும் என்கிறார்கள். சிலருக்கு மரபணுவிலேயே ஒரு பலவீனம். வயதும் சேர்ந்துகொள்ளும்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. பலருக்கு இந்த நோய் முதலில் மூக்கில்தான் தெரியும், கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே. அப்படியானால் மருந்து உங்கள் மூக்கைக் கெடுத்ததா? இல்லை, ஏற்கெனவே கெட்டிருந்த மூக்குதான் உங்களை மருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டதா? இனி யாரிடம் கேட்பேன்?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வயலில் தம்பி மருந்து அடித்துக்கொண்டிருந்தான். வரப்பில் நின்ற எனக்கே குமட்டியது. முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்கு நாத்தமே தெரியலக்கா. அப்பா மூக்கு."

பெருமையாகச் சொன்னான், அப்பா.

வாசனை தெரியாதவர்களுக்கெல்லாம் இந்த நோய் வருவதில்லை. வகுப்பில் சொல்வதைத் தஞ்சாவூர் வரை பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். மனசு கேட்கவில்லை.

டாக்டரிடம் வாடா என்றால், அறுப்பு முடியட்டும் என்பான், உங்களைப் போலவே. அதனால் எனக்குத்தான் கை நடுங்குகிறது, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று போன் செய்யப் போகிறேன். அக்காவுக்கு என்றால் போட்டது போட்டபடி ஓடி வருவான். இங்கே வந்ததும் டாக்டர் முன்னால் அவனை உட்கார வைத்துவிடுவேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் இதையெல்லாம் படிக்கிறவனும் இல்லை.

உங்களுக்கு நான் பிந்திவிட்டேன். அவனுக்குப் பிந்த மாட்டேன் அப்பா.

உங்கள் மூத்தவள்