செதுக்கி எடுத்த முகம்

லக்சர், எகிப்து
18-1-1978

அன்புள்ள சித்திக்கு,

சேகர் எழுதிக்கொண்டது. நான் சுகம். தில்லிக் குளிரில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பொங்கலன்று எனக்கு ரொட்டியும் அவித்த மொச்சையும்தான்.

தொல்பொருள் துறையில் எங்களை அனுப்பியது கோயில் சுவர்களைப் படமெடுக்க. இந்தக் கோயிலைக் கட்டியவள் ஹட்ஷெப்சுட். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரசி. புருஷன் செத்தபோது, இன்னொருத்தி வயிற்றில் பிறந்த மகன் துத்மோஸ் சின்னப் பிள்ளை. அவனுக்காக ஆளத் தொடங்கியவள் பிறகு தானே முடி சூடிக்கொண்டாள். பார்வோன்களைப் போல ஒட்டுத்தாடிகூட வைத்துக்கொண்டாள். இருபது வருஷ ஆட்சி. தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பிச் சாம்பிராணி மரங்களை வேரோடு கொண்டுவந்தாள்.

மரங்கள் சுவரில் இருக்கின்றன. அவள் இல்லை. அவள் செத்துப் பல வருஷம் கழித்து, துத்மோஸ் ஆள் வைத்து அவள் உருவத்தையும் பெயரையும் உளியால் கொத்தி எடுத்துவிட்டான். ஆனால் உருவத்தின் விளிம்பை ஒட்டியே கொத்தியிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது அவள் நிற்பது தெரிகிறது. முகம் இருந்த இடத்தில் பள்ளம். பத்து நாளாக அவளைத்தான் படமெடுக்கிறேன். கண்ணை மூடினாலும் நிற்கிறாள், என் கல்யாணத்தில் சமையல்கட்டு வாசலில் நீங்கள் நின்ற மாதிரி.

சித்தி, கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பெற்றவள் பெயரைப் போடச் சொன்னது அத்தை என்று சொன்னேன். பொய். அச்சகத்து ப்ரூஃபில் உங்கள் பெயரை அடித்தது நான்தான். அப்பா போன பிறகு ஆபீஸில் டைப் அடித்து என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். என்னை மன்னியுங்கள்.

உங்கள் மகன்,
சேகர்


லோதி காலனி, புது தில்லி
6-2-1978

அன்பு மகன் சேகருக்கு ஆசிகள்.

முட்டி பரவாயில்லை. உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

பத்திரிகை விஷயம் அப்போதே தெரியும். உன் மேஜையைத் துடைக்கும்போது அந்த ப்ரூஃபைப் பார்த்தேன். உன் பச்சை மை எனக்குத் தெரியாதா? அழுதேன், முடிந்தது.

அந்த ராணிக்காக நீ இரக்கப்படுகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் உட்கார்ந்தது ஒரு சின்னப் பையனின் ஆசனத்தில்.

நான் பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் உன் அம்மா பவுனுவின் படம் இருந்தது. அவளை எடுத்த படம் அது ஒன்றுதான். உனக்கு நாலு வயது. தினமும் ஸ்டூலில் ஏறி, "அம்மா, நான் பால் குடிச்சிட்டேன்" என்பாய். உன் அப்பா ஆபீஸ் கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள மாட்டார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் நீ தூங்கும்போது அதைக் கழற்றிக் கரி அங்கீட்டி அடுப்பில் போட்டுவிட்டேன்.

எழுந்து வந்து, "அம்மா எங்க சித்தி?" என்றாய்.

"கரையான் அரிச்சிடுச்சுடா."

"கரையானுக்குப் பசிச்சுதா?" என்று கேட்டாய்.

முப்பத்திரண்டு வருஷமாகிறது. நீ கேமரா வேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, இவன் அவளைத்தான் தேடுகிறான் என்று பயந்தேன். கரி பற்றவைத்தால் இன்றும் அந்தப் படம் சுருளும் சத்தம் கேட்கிறது.

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

சித்தி


லக்சர்
2-3-1978

சித்தி,

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் இருபதாம் தேதி தில்லி வருகிறேன். லோதி காலனிக்கு வருவேனா, தெரியவில்லை.

அம்மா முகம் மறந்துபோனது என் குற்றம் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். வராவிட்டால் தொடையைக் கிள்ளிக்கொள்வேன். நீங்கள் மருந்து போட்டீர்கள். எறும்பு கடித்தது என்று நினைத்து.

அப்பா இல்லை, அத்தையும் போய்விட்டாள். அம்மா முகம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். எப்படி இருந்தாள்? எதையும் கூட்டாமல் எழுதுங்கள்.

சேகர்


லோதி காலனி
12-3-1978

சேகருக்கு,

நீளமான முகம். அகலமான நெற்றி. வகிடு சற்றுக் கோணலாக இடப்பக்கம் போகும். ஒற்றைக்கல் மூக்குத்தி. மேலுதட்டுக்கு மேலே ஒரு அம்மைத் தழும்பு. வாயை மூடியிருந்தாலும் இப்போது சிரித்துவிடுவாள் போலிருக்கும். காது உன் காதேதான்.

கண் எனக்குத் தெரியாது, சேகர். எட்டு மாதம் அந்தப் படத்தின் கீழே பெருக்கித் துடைத்தேன். ஒரு நாளும் அவள் கண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. நெருப்பில் போடும்போதுகூடக் கவிழ்த்துத்தான் போட்டேன்.

அழகாக ஏதாவது எழுதியிருக்கலாம். மனசு வரவில்லை.

ராஜம்