பின்பக்கமாக மலையேறிய உப்பு லொறி

சம்பந்தி,

இன்று பின்னேரம் எங்கள் ஹரோ வீதியால், ஐஸ் பிடிக்காமல் றோட்டில் உப்புத் தூவிக்கொண்டு உப்பு லொறி போனது. வாசலில் நிற்கும் காரின் கதவில் உப்புக்கல் படபடவென்று தெறித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுச் செருப்போடு வாசலுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஓடினேன். மஞ்சள் விளக்கு சுழலச் சுழல லொறி திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தேன். "என்னப்பா, ஆரும் வந்ததோ?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். "உப்பு லொறி" என்றேன். அவள் சிரித்தாள். "அப்ப இண்டைக்கு முழுக்கச் சம்பந்தியின்ரை கதைதான்" என்றாள்.

நீங்கள் இல்லாத இரண்டாவது குளிர்காலம் இது. அந்தக் கதையை எப்போதும் நீங்கள்தான் சொல்வீர்கள். ஒவ்வொரு முறையும் மலை கொஞ்சம் உயரும், பனி கொஞ்சம் ஆழமாகும். நான் பக்கத்தில் இருந்து "அவ்வளவு இல்லை" என்று முணுமுணுப்பேன். இப்போது சொல்ல ஆளில்லாததால் நான் எழுதுகிறேன். எனக்கு வரிசையாகத்தான் எழுதவரும். அது இந்தக் கதைக்குப் பொருந்துமோ தெரியவில்லை.

உங்கள் மகனும் என் மகளும் கலியாணம் முடித்து, டார்பிஷயர் மலைப்பக்கத்தில் ஓர் ஏற்றத்தின் உச்சியில் வீடு வாங்கியபோது நாம் இருவருமே வாயைத் திறக்கவில்லை. அயலில் நாலு வீடு, மிச்சமெல்லாம் செம்மறி. வீட்டுக்கு வந்து நான் மனைவியிடம் புலம்பினேன். செவன் கிங்ஸில் உங்கள் வீட்டில் நீங்களும் உங்கள் மனைவியிடம் புலம்பினீர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நம் பேச்சு அப்போது "சுகமோ?", "ஓம், இருக்கிறம்" என்பதைத் தாண்டாது. நான் பெண்ணைக் கொடுத்தவன். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் குரல் உயர்த்தக் கூடாது என்று வளர்ந்தவன். நீங்களோ மாப்பிள்ளை வீட்டு மிடுக்கைக் காட்டிவிடக் கூடாது என்று கவனமாக இருந்தீர்கள். இரண்டு பேரும் மரியாதையாலேயே ஒருவரை ஒருவர் களைக்கவைத்தோம்.

அந்தத் தை மாதம் மகள் நிறைமாதம். என் மனைவி தம்பி வீட்டுக் கலியாணத்துக்காகக் கனடா போயிருந்தாள், பிள்ளை பிறக்கும் திகதிக்கு முன் திரும்பிவிடலாம் என்ற கணக்கில். உங்கள் மனைவிக்கு முழங்கால் வருத்தம். எனவே தொட்டிலையும், பத்தியக் கறிக்கான சரக்குத் தூளையும், குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கும் பெரிய சருவச்சட்டியையும் மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை நம் இருவர் தலையிலும் விழுந்தது. முதல் தடவையாக நீங்களும் நானும் மட்டும் ஒரு காருக்குள்.

நான் பயந்தபடி ஓட்டினேன். நீங்கள் பக்கத்தில் இருந்து, முன்பு நீங்கள் வாழ்ந்த சுவிசின் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள். "இதென்ன பனி? சுவிசிலை நான் பாக்காத பனியோ? கார் உயரத்துக்குக் கொட்டும். நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவம்." எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. விஷயம் தெரிந்த மனிதர் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நெடுஞ்சாலையை விட்டுச் சின்ன றோட்டில் இறங்கியதும் மகளின் போன் வந்தது. நீங்கள்தான் எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரிப் பிடித்தீர்கள்.

"மாமா, எனக்கு நோ துவங்கிட்டுது."

"என்ன பிள்ளை? இன்னும் நாள் கிடக்கெல்லோ?"

"அது அவருக்குத் தெரியேல்லை, உள்ளை இருக்கிறவருக்கு" என்றாள். அந்த நிலையிலும் பகிடி. பிறகு குரல் மாறியது. "இவர் ஷிப்டிலை நிக்கிறார். அங்காலை றோட்டு மூடியாம், வரேலாதாம். ஆம்புலன்சுக்கு அடிச்சிட்டன். எங்கடை ஏத்தம் முழுக்க ஐஸ், இன்னும் உப்புப் போடேல்லை. கீழை வந்து நிண்டுதான் யோசிக்கலாம் எண்டுறாங்கள். அப்பா, எங்கை நிக்கிறியள்? நான் தனிய நிக்கிறன்."

"வாறம் பிள்ளை, இந்தா வந்திட்டம்" என்றேன்.

கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் சுற்றுப்பாதை. உப்புப் பட்டுக் கறுத்து ஈரமாகக் கிடந்தது. இடப்பக்கம் குறுக்குப்பாதை. அது கண்ணாடி மாதிரி மினுங்கியது. போனில் இருந்த வழிகாட்டிக் குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. நான் காரை நிறுத்தினேன். வலம்தான் சரி என்று என் கண் சொன்னது. ஆனால் சுவிஸ் பனியில் புரண்ட மனிதருக்கு முன்னால் நான் யார்?

"இடப்பக்கம் போவமோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் எப்பிடிச் சொல்லுறியளோ அப்பிடி."

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ."

"சீச்சீ, உங்கடை மகள் வீடு. நீங்கள்தான் சொல்லவேணும்."

"உங்கடை மகன் வீடும்தானே?"

இப்படிப் பண்பாகப் பேசிப் பேசி இடப்பக்கம் திரும்பினோம். வேறு எந்தச் சாதி சனமும் இப்படி ஒரு பிழையை விட்டிருக்காது. நீங்களும் வலப்பக்கத்து உப்பைப் பார்த்தீர்கள் என்பதும், படித்த மனிதர், மகள் வீட்டு வழி அவருக்குத் தெரியாதா என்று என்னைப் பற்றி நினைத்துப் பேசாமல் இருந்தீர்கள் என்பதும் சற்று நேரத்தில் தெரியவந்தது.

முதல் இறக்கத்திலேயே கார் என் சொல் கேட்கவில்லை. வேகம் இல்லை. அதுதான் கொடுமை. மிக மெல்ல, யாரோ தள்ளிக்கொண்டு போகிற மாதிரி, பக்கவாட்டில் வழுக்கியது. நான் பிறேக்கின் மேல் ஏறி நின்றேன். அப்போதுதான் காருக்குள் அந்தச் சத்தம் எழுந்தது:

"டேய் மச்சான்! பிறேக்கை விடடா!"

விட்டேன். கார் சற்றே திரும்பி, புல் மேட்டில் மெதுவாகச் சாய்ந்து நின்றது. பின்னால் சருவச்சட்டி ஒருமுறை சுற்றி அடங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சம்பந்தியை 'டேய்' என்று கூப்பிட்டுவிட்ட வெட்கத்தில் உங்கள் காது சிவந்திருந்தது.

"குறை நினைக்காதையுங்கோ" என்றீர்கள்.

"இல்லை, நல்ல வேளை சொன்னியள். சுவிசிலை ஓடின பழக்கம் உதவினது."

நீங்கள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தீர்கள். "உண்மையைச் சொல்லட்டோ? சுவிசிலை நான் கார் ஓடினதே இல்லை. ட்றாமிலைதான் போறனான். பனியை ட்றாம் யன்னலாலை பாத்ததுதான்."

என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். மகள் தனியே நிற்கிறாள், நாங்கள் மேட்டில் சாய்ந்து கிடக்கிறோம், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறோம். பயத்தில் வந்த சிரிப்பு அது. அது அடங்கியதும், "அப்ப வலப்பக்கம்தான் சரி எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதோ?" என்றேன். "தெரியாமலோ? உப்புக் கிடந்ததெல்லோ! நீ ஏன் சொல்லேல்லை?" என்றீர்கள். "நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

பாதையோரம் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. ஊர்க்காரர் எடுத்துப் போடக் கவுன்சில் உப்பு நிரப்பி வைத்த பெட்டி. நீங்கள் சருவச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். விழுந்து எழும்பி, உப்பை அள்ளி, காருக்குப் பின்னால் வயலில் விதைக்கிற மாதிரி வீசினீர்கள். "வா, வா, கொஞ்சம் ஒடி, இப்ப நேரை, டேய், நேரையெண்டா நேரை!" நான் பின்னுக்கு எடுத்தேன். நீங்கள் வீச, நான் எடுக்க, பாதை பிரிந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

அங்கே வலப்பக்கப் பாதையால் உப்பு லொறி வந்துகொண்டிருந்தது. நீங்கள் நடு றோட்டில் குதித்து, சட்டியைத் தலைக்கு மேல் பிடித்து ஆட்டினீர்கள். ஓட்டியவர் எங்கள் வயதுக்கு நெருங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண். கண்ணாடியை இறக்கி, சமையல் பாத்திரத்தால் றோட்டுக்கு உப்புப் போடுகிறவர்களைத் தன் வாழ்நாளில் இன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார். நீங்கள் ஆங்கிலமும் சுவிஸ் ஜெர்மனும் கலந்து, இரண்டு கையாலும் பெரிய வயிறு காட்டி விளக்கினீர்கள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வானொலியில் யாரோடோ பேசினார். ஆம்புலன்ஸ்காரரும் அதே ஏற்றத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. "என் பின்னால் வாருங்கள். ஆனால் ஏற்றம் வந்ததும் நான் லொறியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏறுவேன். பார்த்துப் பயப்படாதீர்கள்" என்றார்.

ஏன் என்று ஏற்றத்தைப் பார்த்ததும் விளங்கியது. உப்பு விழுவது லொறியின் பின்பக்கம். முன்பக்கமாக ஏறினால் டயர்கள் முதலில் ஐஸைத்தான் மிதிக்கும். பின்பக்கமாக ஏறினால் உப்பு முதலில் விழும், டயர் அதன்மேல் ஏறும். அந்தப் பெரிய லொறி முதுகைக் காட்டி மலையில் ஏறத் தொடங்கியது. நாங்கள் முன்பக்கமாக அதன் பின்னே ஏறினோம். ஆக, அவருடைய முகமும் எங்கள் முகமும் நேருக்கு நேர்! அவர் இரு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்ப்பார், இடையில் எங்களைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்துவார். நீங்கள் ஒவ்வொரு முறையும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

"மச்சான், திருவிழாவிலை சாமியைப் பாத்தபடி நாதசுரக்காரர் பின்னுக்கு நடக்கிற மாதிரி இருக்கடா!"

"அப்ப நாங்கள் சாமியோ?"

"சாமி மேலை நிக்குது. நீ முன்னுக்குப் பாத்து ஓடு."

சம்பந்தி, இதை எழுதும்போது இப்போதும் என் கால் பெருவிரல் செருப்புக்குள் மடிகிறது. ஒரு பக்கம் கல்மதில், மறுபக்கம் பள்ளம், முன்னால் மஞ்சள் வெளிச்சம், டயருக்கடியில் உப்பு நொறுங்கும் சத்தம். வாழ்நாள் முழுவதும் மேசைமுன் அமர்ந்து கட்டட வரைபடங்களைச் சரிபார்த்தவன் நான். எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்காமல் ஒன்றும் செய்யாதவன். அன்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். எங்களைக் கண்டதும் அழுதாள். பிறகு உங்களை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன மாமா, உங்களைக் கருவாடு போட்டவையோ? முழுக்க உப்பு!"

நாங்கள் வந்த தடத்திலேயே ஆம்புலன்ஸும் ஏறி வந்தது. மகளை ஏற்றினார்கள். உடன் ஒருவர் வரலாம் என்றார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நீங்கள் போங்கோ" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. உள்ளேயிருந்து மகள், "ஐயோ, ஆராவது ஒராள் ஏறுங்கோவன்!" என்று கத்தினாள். நீங்கள் என் முதுகில் கைவைத்துத் தள்ளினீர்கள்.

"ஏறடா. பெட்டை உன்னைத்தான் தேடுது. காரை நான் கொண்டுவாறன்."

கதவு மூடிய பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் பனியில் கார் ஓடினதே இல்லை. மருத்துவமனை வரைக்கும் மகளின் கையைப் பிடித்தபடி இரண்டு பிரார்த்தனை செய்தேன். ஒன்று அவளுக்கு, மற்றது உங்களுக்கு.

பிள்ளை பிறந்து, என் மருமகனும் வேறு வழியால் வந்து சேர்ந்த பிறகு, நீங்கள் நடையில் தோன்றினீர்கள். உப்பு லொறியின் பின்னால் நத்தை மாதிரி வந்தீர்களாம். முகம் வெளுத்திருந்தது. முழங்கால்வரை வெள்ளைப் பொடி. "என்ன பிள்ளை?" என்றீர்கள். "பொம்பிளைப் பிள்ளை" என்றேன். நடையில் கிடந்த கதிரையில் அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றி, உள்ளே இருந்த உப்பைக் குப்பைத்தொட்டியில் கொட்டினீர்கள். பிறகு அழுதீர்கள். நான் உங்கள் தோளில் கைபோட்டேன். அதற்கு முன் ஒருநாளும் உங்களைத் தொட்டதில்லை, கைகொடுத்ததைத் தவிர.

அன்றிலிருந்து நீங்கள் என்னோடு மரியாதை இல்லாமல் பேசிய ஒவ்வொரு நாளும் எனக்குப் பண்டிகை. என் புதுக் கண்ணாடி கழுதைக்குப் போட்ட மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். நானும் பழகினேன், மெதுவாக. உங்களைப்போல 'டேய்' சொல்ல மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை.

இப்போது என் இளையவனுக்குக் கலியாணம் பேசியிருக்கிறோம். பெண் வீட்டார் மலேசியாவில் இருந்து படிக்க வந்து கிங்ஸ்பரியில் தங்கிவிட்டவர்கள். அருமையான மனிதர்கள். போன ஞாயிறு அவர்கள் வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இருவரும் வடக்கே ஒரு மலைப்பக்க மாளிகையில், தை மாதத்தில், விடியற்கால முகூர்த்தம் என்று ஆசையாகச் சொன்னார்கள். பெண்ணின் தகப்பன் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை வீடு எப்படிச் சொன்னாலும் சரிங்க ஐயா" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண் சொன்னது வேறு. என் மனைவி நான் வழக்கம்போலத் தலையாட்டப்போகிறேன் என்று பலகாரத் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"எனக்கு அது சரியாப் படேல்லை" என்றேன். "தையிலை அந்தப் பாதையெல்லாம் உறைஞ்சிருக்கும். சனம் வந்து சேராது. சித்திரைக்குப் பிறகு வைப்பம். உங்களுக்கு என்ன படுகுது எண்டும் இப்பவே சொல்லுங்கோ. மனசிலை வைக்காதையுங்கோ."

அவர் நாற்காலியில் சாய்ந்து பெரிய மூச்சு விட்டார். "அப்பாடா! நானும் அதாங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்ல" என்றார். மனைவி தட்டோடு அப்படியே நின்றாள்.

அவர் இன்னும் என்னை 'ஐயா' என்றுதான் அழைக்கிறார். எனக்கு அதில் அவசரம் இல்லை, சம்பந்தி. அவரோடு நான் இன்னும் ஒரு பனிப்பாதையில் போகவில்லை.