‘சாப்பிட்டியா’ விளக்கு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல். கம்பெனி உங்களை இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கச் சொல்கிறது, மாதக் கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று நேற்று போனில் சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. நல்லவேளை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது கட்டைவிரல் அளவு ரோபோக்கள் ஓடுகின்றன. வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. மேலே தொங்கும் விளக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. அதையே வயிற்றில் கொஞ்சம் மின்சாரமாகத் தேக்கிக்கொள்ளும். அதே வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்து, இடது போ, வலது போ என்று அவற்றோடு பேசவும் செய்யும். குறுக்கே நம் நிழல் விழுந்தால் சாப்பாடும் போச்சு, பேச்சும் போச்சு.

அவை ஓடக் கிளம்பும் முன், விளக்கு ஒவ்வொரு ரோபோவிடமும் மின்சாரம் போதுமா என்று விசாரிக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சாப்பிட்டியா’. போதுமென்றால் அது சிவப்பாக ஒருமுறை சிமிட்ட வேண்டும். அந்தப் பதிலுக்கான நிரலை எழுதியது நான்தான். போன வாரம் எல்லாம் ஜோராகச் சிமிட்டிவிட்டு, ஒரு சாண் கூடப் போகாமல் நின்றுவிட்டன. மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், முதலில் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறேன்! இப்படிப் பொய் சொல்ல இதுக்கு யாரும்மா கத்துக்கொடுத்தது என்று மேலதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கைகழுவும் அறையில் போய் அழுதேன்.

போன் செய்யும்போதெல்லாம் நீங்கள் என்னிடம் முதலில் கேட்பதும் அதைத்தானே. அடுப்பையே பற்றவைக்காத அன்றும் ஆச்சுங்க என்கிறேன். ஒருத்திக்காக என்னத்தைச் சமைப்பது? ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிடவில்லை, வீட்டில் ஏதோ ஒரு சத்தமாவது இருக்கட்டும். உங்கள் தலையணை உறையை, யாரும் படுக்காமலே, வாராவாரம் மாற்றுகிறேன். எனக்குப் பைத்தியம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் இங்கே வந்து சிரியுங்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, நீ என்ன சொல்ற என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும், தாராளமா போடுங்க, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். அதை நம்பாதீர்கள். புறப்பட்டு வந்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி